எண்ணெய் உறையட்டும்

மகள் தலையில் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டே, சூடு அளக்க வந்த இன்ஜினியரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள் சிட்டம்மா. காலனியில் எல்லாம் தகரக் கூரை வீடுகள். உள்ளே சூடு முப்பதைத் தாண்டினால்தான் கூரைக்கு அடியில் அரசாங்கத்தில் சூடு தடுக்கும் பலகை அடித்துத் தருவார்கள். இவரோ மீட்டரை தண்ணீர் கசிந்து குளிர்ந்திருந்த மண்பானையோடு ஒட்டி வைத்தார்.

"இருபத்திரண்டு டிகிரி. வீடு குளுகுளுன்னு இருக்கு. கையெழுத்துப் போடும்மா."

"போடுறேன் சார். ஆனா மார்கழிக் குளிருல இந்த எண்ணெய் பாட்டிலுக்குள்ள உறைஞ்சு போயிடும். வீடு அவ்வளவு குளுகுளுன்னா இப்போ ஏன் தண்ணியா ஓடுது? கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காருங்க. எண்ணெய் உறைஞ்சதும் போட்டுடுறேன்."

வாசலில் கூடிய பெண்கள் சிரித்தார்கள். மாட்டேன் என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். உட்கார்ந்தார்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சட்டை முதுகோடு ஒட்ட எழுந்தவர், மீட்டரை எடுத்து நடுவீட்டில் தொங்கவிட்டார். முப்பத்தெட்டு. அதையே படிவத்தில் எழுதி நீட்டினார்.

சிட்டம்மா எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். "சார், நேத்து நீங்க அளந்த அஞ்சு வீட்டையும் இதே மாதிரி நடுவீட்டுல வச்சுத் திரும்ப அளந்து..."

"ஏ சிட்டு! தண்ணி லாரி வந்துடுச்சு, குடத்தைத் தூக்கிட்டு ஓடியா!" என்று வாசலில் நின்ற ஒருத்தி கத்தினாள்.