வாட்டம் வேண்டாம் என்ற கரடி

ஒரு காட்டில், சமதரையில் கரடி ஒன்று புது வீடு கட்டியது. கழிவுநீர் போக மண்ணுக்கடியில் குழாய் பதிக்க வேண்டும் என்று பெருச்சாளிக்கு ஆள் அனுப்பியது.

பெருச்சாளிக்குக் கரடியின் முகத்தில் விழிக்கவே பிடிக்காது. கரடியின் பழைய வீட்டில் குழாய் கிடையாது. அடியிலேயே ஒரு குழிதான். அது நிரம்பியபோது அள்ளுவதற்கு உள்ளே இறக்கிவிடப்பட்ட பெருச்சாளியின் தம்பி, விஷக்காற்றில் மூச்சடைத்துச் செத்துப்போனது. கரடி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒழுங்காகக் குழாய் போட்டுவிட்டால், இனி எவனும் குழிக்குள் இறங்க வேண்டியதில்லை" என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்கு வந்தது பெருச்சாளி.

வீட்டிலிருந்து வாழைத்தோப்பு வரை பள்ளம் தோண்டியது. மூங்கில் குழாய்களை வரிசையாக இணைத்தது. குழாயின் வீட்டுப் பக்க வாய்க்குள் ஒரு நெல்லிக்காயைப் போட்டது. காய் தானாக உருண்டு தோப்பில் விழ வேண்டும். பாதி வழியில் நின்றுவிட்டது.

"குழாய்க்கு இன்னும் கொஞ்சம் வாட்டம் கொடுக்கணும், ஐயா."

கரடி சீறியது. "என்ன சொன்னாய்? குடிபுகும் நேரத்தில் என் வீட்டில் வாட்டமா?"

"வீட்டுக்கு இல்லை, குழாய்க்கு. சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள்."

"சரிவா!" என்று குதித்தது, கரடியின் கூடவே திரியும் நரி. "ஐயா, இவன் உங்களுக்குச் சாபம் விடுகிறான்!"

"சரி, இறக்கம் என்று..."

"கேட்டீர்களா, இப்போது இறக்கமாம்! ஐயா வீட்டில் எல்லாமே ஏற்றமாக இருக்க வேண்டாமா?"

கரடிக்கு அது இனித்தது. "ஆமாம். ஏற்றமாகவே போடு."

பெருச்சாளி குழாயின் தோப்புப் பக்க முனையைக் கல் வைத்து உயர்த்திவிட்டு, வீட்டுப் பக்கம் வந்து பார்க்கும்படி கரடியைக் கூப்பிட்டது. அது குழாய்க்குள் தள்ளிய காய், உருண்டு திரும்பி வந்து வீட்டு வாசலிலேயே விழுந்தது.

"பார்த்தீர்களா? நாளைக்கு எல்லாமே இப்படித்தான் திரும்பி வரும்."

"நீ தோண்டுகிறவன், தோண்டு. எனக்குப் பாடம் நடத்தாதே!"

"தெரிந்தே தப்பாகப் போட மாட்டேன்" என்று மண்ணை உதறிவிட்டு நடந்தது பெருச்சாளி. நரி ஒரு காட்டுப்பன்றியைப் பிடித்து வந்து, குழாயை ஏற்றமாகவே பதித்து மூட வைத்தது.

குடிபுகும் நாள் வந்தது. தேனும் பலாச்சுளையுமாக விருந்து. பந்தி பாதியில் இருக்கும்போது கழிவறைப் பக்கம் களக் களக் என்று சத்தம் கேட்டது. காலையிலிருந்து வெளியே அனுப்பியதெல்லாம் கூடத்துக்கே திரும்பி வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு முதலில் ஓடியது நரிதான்.

கரடி பெருச்சாளியின் வளைக்கே போய்க் கத்தியது. "குழாய் அடைத்துக்கொண்டது! உள்ளே நுழைந்து தள்ளிவிடு. உன் இனத்துக்குப் பழக்கம்தானே!"

பெருச்சாளிக்கு மயிர் சிலிர்த்தது.

"பழக்கமா? உங்கள் குழியில் செத்தானே என் தம்பி கூரன், அவனுக்கும் அது பழக்கமா? அவன் பெயராவது தெரியுமா உங்களுக்கு? குழாயில் அடைப்பு எதுவும் இல்லை. நீங்கள் கேட்ட ஏற்றம்தான் வேலை செய்கிறது. என் நகத்தைவிட உங்கள் நகம் நீளம். நீங்களே தோண்டுங்கள்."

"நானா?"

"நீங்கள்தான். கூடத்தைக் கழுவுங்கள், பிறகு மேலிருந்து பள்ளத்தைத் திறங்கள். எவனும் உள்ளே நுழையக் கூடாது. குழாயை நான் சரி பார்க்கிறேன்."

வேறு யாரும் கிட்டே வரவில்லை. கரடி தன் கையாலேயே அள்ளியது, கழுவியது, முழங்கை வரை சேற்றோடு பள்ளம் முழுவதையும் தோண்டியது. பெருச்சாளி கரையில் நின்றபடி ஒவ்வொரு குழாயாக இறக்கி வைக்கச் சொன்னது. கடைசியில் நெல்லிக்காயைப் போட்டது. காய் கடகடவென்று உருண்டு தோப்பில் போய் விழுந்தது.

"வாட்டம் போதுமா?" என்று கேட்டது கரடி. இம்முறை அந்தச் சொல்லுக்கு அது சீறவில்லை.

"குழாய்க்குப் போதும்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனது பெருச்சாளி.

நீதி: வேலை தெரிந்தவன் சொல்லைத் தள்ளியவன், அதனால் சேரும் அழுக்கைத் தன் கையாலேயே அள்ள வேண்டும்.