ஆவுளியா மூச்சு வாங்க மேலே வருவது ஏன்

அந்தக் காலத்தில் கடலுக்குள் இருந்த எல்லா உயிரும் பேசும். பேசியதோடு நின்றிருந்தால் தேவலை, ஒன்றை ஒன்று வகை பிரிக்கவும் கிளம்பிவிட்டன. விடிந்தால் போதும், நீ எந்தக் கூட்டம், நான் எந்தக் கூட்டம் என்று இதே பேச்சுதான். ஓடு உள்ளவர்கள் இந்தப் பக்கம், வாலும் துடுப்பும் உள்ளவர்கள் அந்தப் பக்கம். எல்லாம் வெளித்தோற்றத்தைப் பார்த்துச் செய்த ஏற்பாடு. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே, கேட்கவில்லை.

அந்தக் கடலில் ஆவுளி என்று ஒருத்தி இருந்தாள். கடல்பசு என்றும் ஆவுளியா என்றும் சொல்கிறோமே, அந்த இனத்துக்காரி. பருத்த உடம்பு, துடுப்பாக இரண்டு கை, அகன்ற வால். வாலும் துடுப்பும் இருந்தால் மீன் என்பது அன்றைய சட்டம். அதனால் ஆவுளியும் மீன். அவளும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

ஆனால் அவளுக்கு ஒரு மனக்குறை இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் நெஞ்சை அடைக்கும். மேலே போய் மூக்கை வெளியே நீட்டி ஒரு இழுப்பு இழுத்தால்தான் போன உயிர் திரும்பும். மற்ற மீன்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. தனக்கு ஏதோ தீராத வியாதி என்று நினைத்துக்கொண்டாள் பாவம். அலை எழும்பும் சமயம் பார்த்து, அதன் மறைவில் திருட்டுத்தனமாக மூச்சு வாங்கிவிட்டு வருவாள். பிறகு குட்டி ஒன்று பிறந்தது. அதற்கும் அதே வியாதி. அம்மாவுக்காவது கொஞ்சம் அடக்கத் தெரியும், குட்டிக்கு அதுவும் தெரியாது.

அவள் மேய்ந்தது கடற்புல். அதே புல்லைத் தின்று பிழைத்தவன் ஓரா மீன். அவன் ஒருநாள் மீன்களின் தலைவரான களவா மீனிடம் போய் நின்றான்.

"பெரியவரே, இந்த ஆவுளி மீனே இல்ல. நாங்க புல் நுனியைக் கடிக்கிறோம், இவ வேரோட பிடுங்குறா. இப்படியே போனா எங்க பிள்ளைங்க எதைத் தின்னும்?"

"வாலும் இருக்கு, துடுப்பும் இருக்கு. பெறகு எப்படி மீன் இல்லங்குற?" என்று கேட்டார் களவா.

"அடிக்கடி மேல போறா. என் கண்ணால பாத்தேன்."

களவாவுக்குக் குழப்பமாகிவிட்டது. யோசித்து ஒரு வழி சொன்னார். "நாளைக்குக் காலையில தலை எண்ணுவோம். எண்ணி முடியுற வரைக்கும் யாரும் கடல் தரையை விட்டு எழும்பக் கூடாது. எழும்புனவங்க மீன் இல்ல. மீன் இல்லாதவங்களுக்கு இந்தப் புல்லுல வாய் வைக்க உரிமையும் இல்ல."

இதைக் கேட்ட ஆவுளி குட்டியைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். அந்தப் புல்வெளியை விட்டால் அப்பால் ஆழக்கடல். தின்ன ஒரு தளிர் கிடைக்காது. பால் வற்றிப்போனால் குட்டி என்ன ஆகும்?

மறுநாள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். களவா எண்ணத் தொடங்கினார். அவர் எண்ணுகிற அழகைச் சொல்லி மாளாது. நெத்திலிக் கூட்டத்திலேயே மூன்று தரம் எண்ணிக்கை விட்டுப்போய், மூன்று தரமும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"அம்மா, நெஞ்சு வலிக்குது," என்றது குட்டி.

"கொஞ்சம் பொறு கண்ணு. இந்தா முடிஞ்சிரும்."

நான்காவது தரமும் விட்டுப்போயிற்று. குட்டி அம்மாவின் கை இடுக்கில் துவண்டு கிடந்தது. ஓரா தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது ஆவுளிக்குத் தெரியும். புல்லாவது மண்ணாவது என்று குட்டியை அணைத்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, நேராக மேலே போனாள். குட்டியின் மூக்கைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிப் பிடித்தாள்.

குட்டி தும்மியது. மூச்சு வந்தது. உடனே பசி வந்தது, அம்மாவின் கை இடுக்கில் வாயை வைத்துக்கொண்டது. ஆவுளி அழுதுவிட்டாள்.

கரையோரத் தண்ணீரில் ஒரு யானை தன் கன்றோடு நின்றிருந்தது. இதையெல்லாம் பார்த்துவிட்டு, "யாரும்மா நீ?" என்றது.

"நான் மீனுங்க."

"மீன் எங்கயாச்சும் பால் குடுக்குமா? எம்பிள்ளையும் முன்னங்கால் இடுக்குலதான் குடிக்குது, இங்க பாரு."

ஆவுளி பார்த்தாள். கன்று அதே இடத்தில், அதே மாதிரி வாயை வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது. யானை கிட்டே வந்து தும்பிக்கையால் அவள் முகத்தைத் தடவியது.

"மழை பொய்ச்ச காலத்துல எங்க சொந்தத்துல ஒரு கூட்டம் இந்தத் தண்ணியில எறங்கி மேஞ்சதா எங்க ஆளுங்க சொல்லுவாங்க. மொதல்ல முழங்கால் தண்ணி, அவங்க பிள்ளைங்க காலத்துல இடுப்புத் தண்ணி. அப்புறம் எத்தனை தலைமுறையோ, யாரு கண்டா? நீந்துறதுக்குக் கால் எதுக்கு? அது சுருங்கிப்போச்சு. வந்துருவாங்க, வந்துருவாங்கன்னு பாத்தோம். வரவே இல்ல."

"அப்ப எனக்கு வியாதி இல்லையாக்கா?"

"போடி பைத்தியக்காரி. மூச்சு விடுறது ஒரு வியாதியா? உள்ள இருக்குறது நம்ம நெஞ்சுடி, அது காத்தைத்தான் கேக்கும்."

ஆவுளிக்கு அங்கேயே இருந்துவிட ஆசைதான். ஆனால் தரையில் நடக்கக் கால் ஏது? கரையோரச் செடிகள் பூத்துக் கிடந்ததை ஒரு தரம் பார்த்துவிட்டு, குட்டியோடு கீழே வந்தாள்.

"பாத்தீங்களா பெரியவரே, நான் சொல்லல?" என்றான் ஓரா.

"ஆமாங்க, நான் மீன் இல்ல," என்றாள் ஆவுளி. "நான் காத்தைக் குடிக்கிறவ, பிள்ளைக்குப் பால் குடுக்குறவ. எங்க ஆளுங்க கரையில இருந்து வந்தவங்க."

களவா கிட்டே வந்து குட்டி பால் குடிப்பதை இந்தப் பக்கமிருந்து பார்த்தார், அந்தப் பக்கமிருந்து பார்த்தார். இத்தனை வருஷம் வாலைப் பார்த்தாரே தவிர, இதைப் பார்த்ததில்லை. ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதானே. "அப்ப நீ போகத்தான் வேணும் தாயி," என்றார் தயங்கித் தயங்கி.

ஆவுளி தலை குனிந்தாள். குனிந்த இடத்தில், புல்லின் அடியில், சின்னதாக ஒரு பூ. நேற்றும் இருந்திருக்கும். அவள்தான் பார்க்கவில்லை.

"பெரியவரே, நம்ம கடல் பாசி பூக்குமா?"

"பாசி எங்க பூக்கும்?"

"இந்தப் புல் பூத்திருக்கு, வந்து பாருங்க. கரையில இருக்குற செடிங்கதான் இப்படிப் பூக்குது. இதுவும் எங்களை மாதிரி அங்கிருந்து எறங்கி வந்ததாத்தான் இருக்கும். கரையில இருந்து வந்தவங்க போகணும்னா, மொதல்ல இந்தப் புல்லைப் போகச் சொல்லுங்க. அது பின்னாலயே நானும் போயிடுறேன்."

எல்லோரும் ஓராவைப் பார்த்தார்கள். புல் போய்விட்டால் அவன் எதைத் தின்பான்? அவன் பூவைப் பார்த்தான், குட்டியைப் பார்த்தான், பிறகு மெல்ல நகர்ந்து மேய இடம் விட்டான்.

அன்று முதல்தான் ஆவுளியா மீன்களோடு மேய்ந்தாலும் மீன் கணக்கில் சேர்வதில்லை. மூச்சு வாங்க அலையின் மறைவைத் தேடுவதும் இல்லை. பட்டப்பகலில், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று, குட்டியையும் கூட்டிக்கொண்டு மேலே வந்து மூக்கை நீட்டுகிறது.