அப்பா ஏற்றிவைத்த வெளிச்சம்

பட்டினி போட்டால் உள்ளுக்குள் கல்லாகிவிடும். ஓயாமல் ஊட்டினால் வெந்து வீங்கிவிடும். வாய் கிடையாது, பசி மட்டும் உண்டு. அது என்ன?

ரொம்ப யோசிக்க வேண்டாம், சொல்லிவிடுகிறேன். பழைய சார்ஜ் லைட்டைத் திறந்தால் உள்ளே செங்கல் துண்டு போலக் கறுப்பாக ஒன்று உட்கார்ந்திருக்குமே, அந்த பேட்டரிதான்.

சுகிர்தாவுக்கு இது தெரியாது. அவளுக்கு ஒன்பது வயது.

ஒரு சனிக்கிழமை காலை. அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனதும், சுகிர்தா ஒரு சார்ஜ் லைட்டைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஜாருக்கு வந்தாள். அங்கே எஸ்தரின் பேட்டரி கடை இருந்தது.

எஸ்டேட் ஜீப்பிலிருந்து சர்ச் மைக் வரைக்கும் எந்த பேட்டரி படுத்தாலும் எஸ்தரிடம்தான் வரும். எஸ்தர் அதிகம் பேச மாட்டாள். அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த இரண்டு பேர், பேச்சுத்துணை இல்லாததாலேயே ஓடிப்போனார்கள்.

"அக்கா, இதுல கரண்ட் குறைஞ்சுகிட்டே போகுது. நிறுத்தித் தர முடியுமா?"

"எதை நிறுத்தணும்?"

"குறையறதை."

எஸ்தர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

"சார்ஜ் போட்டா ஏறிடுமே."

"போடக் கூடாது. அம்மா போடப் போனாங்க. நான் அழுது நிறுத்திட்டேன்."

"ஏன் புள்ள?"

"இதுல இருக்கறது எங்க அப்பா போட்ட கரண்ட்."

எஸ்தருக்கு அவள் அப்பாவைத் தெரியும். தோட்டத்துக் காவல்காரர். யானைத் தடத்தில் இந்த லைட்டோடுதான் நடப்பார். ஆடி மழையில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வரவில்லை. போவதற்கு முந்தின நாள் லைட்டுக்கு முழுசாகச் சார்ஜ் ஏற்றி, ஆணியில் மாட்டியிருந்தார்.

எட்டு மாதம் ஆயிற்று.

லைட்டின் பின்பக்கம் மூன்று பொட்டு விளக்குகள் இருந்தன. பக்கத்துப் பொத்தானை அமுக்கினால், எவ்வளவு சார்ஜ் இருக்கிறதென்று காட்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் சுகிர்தா அமுக்கிப் பார்ப்பாள். கிறிஸ்துமஸ் வரை மூன்றும் எரிந்தன. பொங்கலுக்கு இரண்டு. போன வாரம் ஒன்றே ஒன்று.

"நீ எரிச்சியா?"

"ஒரு தடவைகூட இல்ல. பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன்."

"எரிக்காட்டியும் குறையும்."

"யாரு எடுக்கறா?"

"யாரும் எடுக்கல. சும்மா இருந்தாலே போகும்."



"அப்போ ஜெபராஜ் எடுக்கலையா?"

"யாரு ஜெபராஜ்?"

"பக்கத்து வீடு. அவன்தான் திருடிட்டான்னு கடிச்சு வச்சுட்டேன்."

எஸ்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நான்கு திருகாணிகளைக் கழற்றினாள். பேட்டரியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். வீக்கம் இல்லை. கசிவும் இல்லை. மீட்டரின் இரண்டு ஊசிகளையும் அதன் முனைகளில் வைத்தாள்.

ஆறு புள்ளி ஒன்று வோல்ட்.

"நிறைய இருக்கா அக்கா?"

"இது சும்மா இருக்கறப்ப சொல்ற கணக்கு. எரியவிட்டாத்தான் உண்மையைச் சொல்லும்."

"எரிச்சா தீர்ந்துடும்."

"ஆமா."

"எரிக்காம பீரோவுலயே வச்சா?"

"இன்னும் கொஞ்ச மாசம். அப்புறம் உள்ளே இருக்கற ஈயம் கல்லாயிடும். அதுக்குமேல யாரு போட்டாலும் ஏறாது."

"சார்ஜ்லயே மாட்டி வச்சுட்டா?"

"வீங்கி வெடிக்கும். பழைய சார்ஜருக்குத் தானா நிக்கத் தெரியாது. பத்து மணி நேரம்தான். ஜன்னலைத் திறந்து வச்சு, சூடாகுதான்னு தொட்டுப் பாத்து, யாராவது கூடவே இருந்து கழட்டணும்."

எஸ்தர் எழுந்து கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினாள். உள்ளே இருட்டிற்று. லைட்டை மேஜைமேல் நிமிர்த்தி வைத்தாள்.

"ஸ்விட்ச் உன் பக்கம் இருக்கு."

சுகிர்தா ஸ்விட்சைப் பார்த்தாள். விடியற்காலையில் வேலை முடிந்து வரும்போது, மேட்டிலிருந்தே அப்பா லைட்டை அடித்து, அவர்கள் வீட்டு ஜன்னலில் ஒரு வட்டம் போடுவார். அவள் படுக்கையிலிருந்து கையைத் தூக்கினால், சுவரில் நிழல் கை எழும். அவருக்கு அது தெரியாதென்றாலும், தினமும் கையைத் தூக்குவாள்.

அவள் ஸ்விட்சைப் போட்டாள்.

எதிர்ச் சுவரில் மஞ்சளாக ஒரு வட்டம் விழுந்தது.

ஷட்டருக்கு வெளியே ஜீப்பு டிரைவர் யாக்கோபு குனிந்து எட்டிப் பார்த்தான். "என்ன எஸ்தரு, பட்டப்பகல்ல கடைக்குள்ள யானை பூந்துடுச்சா?"

"ஆமா. உன் ஜீப்பைத்தான் தேடுது. போ."

அவன் போய்விட்டான்.

மீட்டரில் ஐந்து புள்ளி ஒன்பது.

"இங்கே பாரு. இது அஞ்சரை வரைக்கும் இறங்கலாம். அதுக்குக் கீழே போனா பேட்டரி செத்துடும். நான் சொல்ல மாட்டேன். நீயே பாத்துக்க."

எஸ்தர் டம்ளரில் ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

சுகிர்தா வெளிச்சத்துக்குள் கையை நீட்டினாள். சுவரில் பெரிய கை ஒன்று எழுந்தது. உள்ளங்கையில் இதமான சூடு. கையை அவள் எடுக்கவே இல்லை.

ஐந்து புள்ளி எட்டு.

"முழுசும் எரிஞ்சு முடியற வரைக்கும் பாத்துட்டா என்ன அக்கா?"

"பாக்கலாம். உன் லைட்டு."

"அணைச்சுட்டு சார்ஜ் போட்டா? அப்பா போட்டது என்ன ஆகும்?"

எஸ்தர் டீயைக் குடித்து முடித்தாள்.

"உங்க அப்பா எப்பப்ப சார்ஜ் போடுவாரு?"

"சனிக்கிழமை சனிக்கிழமை."

"சுத்தமா தீர்ந்த அப்புறமா?"

"இல்ல. மிச்சம் இருக்கும்போதே போட்டுடுவாரு."

"அந்த மிச்சத்தை என்ன பண்ணுவாரு? வெளியே கொட்டிடுவாரா?"

சுகிர்தா மீட்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

வெளியே யாக்கோபின் ஜீப்பு இருமி இருமிக் கிளம்பியது. சுவரில் வட்டம் சற்றுச் சிவந்திருந்தது. நடுவில் அந்தக் கை இன்னும் நின்றது.

ஐந்து புள்ளி ஏழு.

ஐந்து புள்ளி ஆறு.

சுகிர்தா ஸ்விட்சை அணைத்தாள். சார்ஜ் போடச் சொன்னாள். பத்து மணி நேரமும் கூடவே உட்கார்ந்திருந்தாள்.