வாசலில் விழுந்த பிடி மண்

சட்டநாதர் குன்றின் மேல் ஒரு குகையில் இருந்தார். கீழே ஊர். அங்கிருந்து கேள்வியோடு ஏறி வருகிற ஒரே ஆள் திருமேனி. குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம், மூட்டுவலியும் அதிகம். ஆனாலும் ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அதைக் கேட்டுத் தீர்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது.

அன்று வெயில் ஏறுவதற்குள் வந்துவிட்டார். கும்பிட்டுவிட்டுப் பாறையில் உட்கார்ந்தார்.

"சாமி, நல்லவங்க நாலு பேர் சேர்ந்து ஒரு கெட்ட காரியம் செஞ்சா, அந்தப் பாவம் யாரைச் சேரும்?"

சட்டநாதர் விறகு பிளந்துகொண்டிருந்தார். "என்ன காரியம்?"

"பொதுவாத்தான் கேக்குறேன்."

"பொதுவா யாரும் பாவம் செய்றதில்ல. நடந்ததைச் சொல்லுங்க."

திருமேனி சொன்னார். ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. அழகாத்தாள் தங்கிவிட்டாள். பக்கத்து ஊரில் மகளுக்குப் பிரசவம், பிள்ளை குறுக்கே கிடந்தது. தாய் மட்டும்தான் பிழைத்தாள். அழுது வீங்கிய முகத்தோடு திரும்பி வந்தவளை ஊர்க்கூட்டம் விலக்கி வைத்தது.

அந்த ஊரில் விலக்குவதற்கு ஒரு முறை உண்டு. வீட்டுக்கு ஒருவர் வந்து, விலக்கப்பட்டவரின் வாசலில் ஒரு பிடி மண் போட வேண்டும். அதன்பிறகு அந்த மண்ணைத் தாண்டி யாரும் நெருப்போ தண்ணீரோ கொடுக்கக் கூடாது. வழக்கமாக விலக்கப்பட்டவர்கள் அன்றே மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊர் போய்விடுவார்கள். அழகாத்தாளால் முடியவில்லை. வரும் வழியில் காலில் முள் ஏறி, அது சீழ் வைத்து, காய்ச்சலில் விழுந்துவிட்டாள். தனிக்கட்டை. துணைக்கு ஆள் கிடையாது.

"நீங்களும் மண் போட்டீங்களா?"

"போட்டேன் சாமி. எனக்கு மனசே இல்ல. எனக்கு முன்னால பூசாரி போட்டார். அவர் முகத்துல ஒரு சலனமும் இல்ல. சரி, எல்லாருக்கும் அவ மேல கோபம், நமக்கு மட்டுந்தான் எரக்கம் போலன்னு நெனச்சேன். அப்புறம் பூசாரியைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டா, அவரு அழுறார். ஒருத்தர் தயங்கி நின்னிருந்தாக்கூட நானும் போட்டிருக்க மாட்டேன்னார்."

"மத்தவங்க?"

"ஒவ்வொருத்தரா எல்லாரையும் கேட்டுட்டேன். எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. ஊர்ல ஒருத்தருக்கும் அவ மேல கோபம் இல்ல சாமி."

"தலைவர்?"

"முதல் பிடி அவருதான். ஊரே எதிர்பார்த்து நின்னுச்சு, நான் என்ன பண்ணட்டும்ங்கிறார்."

சட்டநாதர் கட்டையை நிமிர்த்தி வைத்தார்.

"அவ தண்ணி கேட்டாளா?"

"நேத்து முழுக்க கேட்டா. தெருவுக்கே கேட்டுச்சு."

"யாரு கொடுத்தா?"

திருமேனி தலையைச் சொறிந்தார். "இருட்டுன பிறகு யாராவது கொடுத்திருப்பாங்க. ஊர்ல இத்தனை பேர் இருக்கோமே."

சட்டநாதர் கோடாலியைப் போட்டுவிட்டுக் குகைக்குள் போனார். தண்ணீர்க் குடத்தோடு வெளியே வந்தவர், இறங்க ஆரம்பித்தார்.

திருமேனி பின்னாலேயே நொண்டிக்கொண்டு வந்தார். கேள்வி அவரை விடவில்லை.

"கூட்டம்னு ஒண்ணு சேர்ந்துட்டா அதுக்குத் தனியா ஒரு மனசு வந்துருமா சாமி?"

"கல்லு பெயர்ந்து கிடக்கு. பார்த்து வாங்க."

"இல்ல, பெரியவங்க ஒரு காரியத்தை ஆரம்பிச்சு வச்சா நம்ம புத்தி வேலை செய்யாதோ?"

"வேகமா வாங்க."

"விலகி நின்னா நம்மளையும் விலக்கிருவாங்கங்கிற பயமா இருக்குமோ?"

சட்டநாதர் ஓடினார். குடத்துத் தண்ணீர் தளும்பி அவர் தோளை நனைத்தது.

பாதை ஊருக்குள் நுழையும் இடத்தில் முதல் வீடு அழகாத்தாளுடையது. வாசலை அடைத்துக்கொண்டு மண் குவிந்திருந்தது. குழந்தைகூடத் தாண்டிவிடும், அவ்வளவுதான் உயரம். எதிரே புளியமரத்தடியில் ஊர்க்காரர்கள் நின்று அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்ப்பதில் யாரும் குறை வைக்கவில்லை.

சட்டநாதர் மண்ணை மிதித்து உள்ளே போனார்.

ஒருவர் போனதும் ஊருக்குத் தைரியம் வந்துவிட்டது. ஒருத்தி கஞ்சிக் கலயத்தோடு ஓடி வந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி மோர் கொண்டுவந்தாள். பூசாரி காலுக்குப் போட மூலிகை அரைத்தே வைத்திருந்தார். தலைவர் வீட்டிலிருந்து போர்வை வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அவளுக்கென்று ஏதோ ஒன்று எடுத்து மூடி வைத்திருந்திருக்கிறார்கள். வந்தவர்களின் காலடியில் மண்மேடு இருந்த இடம் தெரியாமல் தரையாகிப்போனது.

அழகாத்தாள் கதவுக்குப் பின்னாலேயே கிடந்தாள். பாயிலிருந்து அதுவரை ஊர்ந்து வந்திருக்கிறாள். பக்கத்தில் காய்ந்த செம்பு உருண்டு கிடந்தது. சட்டநாதர் அவள் தலையை மடியில் வைத்து உதட்டில் தண்ணீர் விட்டார். அது கன்னத்தில் வழிந்தது. மறுபடி விட்டார். மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தார்.

"உடம்பு இன்னும் சுடுது" என்றார். பிறகு அவள் கண்களைக் கையால் மூடினார்.

பெண்கள் கதறினார்கள். தலைவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். கொண்டுவந்த கலயங்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் எல்லோரும் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

திருமேனி சுவரைப் பிடித்துக்கொண்டு குருவின் அருகில் உட்கார்ந்தார். அப்போதும் கேட்டார்.

"சொல்லுங்க சாமி. இத்தனை பேர்ல யாரு போட்ட மண்ணு இவளைக் கொன்னுச்சு?"

சட்டநாதர் அழகாத்தாளின் தலையைக் கீழே இறக்கி வைத்தார். திறந்த கதவு வழியாகப் பாதை தெரிந்தது. அது நேராகக் குன்றுக்குப் போகிறது. ஊரிலிருந்து மேலே ஏற வேறு வழி இல்லை.

"காலையில என்கிட்ட கேள்வி கேக்க இந்த வாசலைத் தாண்டித்தானே வந்தீங்க. அப்ப இவ கூப்பிட்டாளா?"