சருகு வைத்துக் கட்டிய கரை

ஓடைக்காட்டு ஏரிக்குக் கரை கட்டும் பொறுப்பு மயிலிடம் இருந்தது. கட்டிய கரையைச் சோதிக்கும் பொறுப்பு மருதன் என்ற நீர்நாயிடம் இருந்தது. மூன்று இடங்களில் தோண்டிப் பார்த்து, உள்ளே களிமண் கெட்டியாக இருந்தால், ஈர மண்ணில் மருதன் தன் காலை அழுத்திப் பதிக்கும். அந்தத் தடத்தைப் பார்த்த பிறகுதான் முயல்கள் கரைக்குக் கீழே வளை தோண்டிக் குடியேறும். அது அந்தக் காட்டு வழக்கம்.

இந்த முறை மருதன் தோண்டவில்லை. மயில் வைத்த விருந்தில் விரால் மீனை வயிறு முட்டத் தின்றது. "எத்தனை கரை கட்டினவர்! இவரா ஏமாத்தப் போறார்?" என்று சொல்லிக் காலைப் பதித்துவிட்டு வந்தது. அந்தத் தோகையையும் அந்த நடையையும் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்!

ஐப்பசி மழை பிடித்த மூன்றாம் நாள் காலை, கரையில் வளை தோண்டப் போன நண்டு அலறியடித்துக்கொண்டு வந்தது.

"அண்ணே! மேலதான் ஒரு சாண் மண்ணு! உள்ள பூரா சருகு!"

"என்ன உளறுறே?"

"நீங்களே வந்து பாருங்க!"

மருதன் போய்த் தோண்டியது. ஊறிப்போன சருகு கொத்துக் கொத்தாக வந்தது. ஏரி முக்கால்வாசி நிரம்பிவிட்டது. மேற்கே வானம் இன்னும் கறுத்துக்கொண்டு வந்தது.

வழியில், மயிலுக்காகக் கரைக்குச் சருகு சுமந்து போட்ட காட்டுப்பன்றி நின்றது. "உனக்குத் தெரிஞ்சும் ஏன் சொல்லலை?" என்று மருதன் கேட்டது.

"சுமக்கிறது எங்க வேலை. பாக்கிறது உங்க வேலை!" என்றது பன்றி.

மருதனுக்குச் சுருக்கென்றது. நேரே மயிலிடம் ஓடியது.

மயில் பதறவே இல்லை. "கத்தாதீங்க! வெளியே தெரிஞ்சா முதல்ல மாட்டுறது யாரு? கால் வச்சது நானா? மழை விடட்டும், சத்தமில்லாம களிமண் போட்டுடலாம்."

"அதுக்குள்ள உடைஞ்சா?"

"மழை மேல பழியைப் போடுவோம். மழையை யாரு கூப்பிட்டு விசாரிக்கப் போறா?"

மருதன் தடுமாறியது. வாயைத் திறந்தால் வேலை போகும், மானம் போகும். பேசாமல் இருந்துவிடலாமா? அப்போது பொட்டுப் பொட்டென்று பெரிய தூறல் விழுந்தது. கரைக்குக் கீழே வளைகளில் கண் திறக்காத முயல் குட்டிகள் கிடப்பது அதற்கு நினைவு வந்தது. விழுந்தடித்து ஓடியது.

"வெள்ளாயி! குட்டிகளைத் தூக்கிட்டுப் பாறை மேட்டுக்குப் போ! கரை உடையப் போகுது!"

தாய்முயல் வெள்ளாயி சிரித்தது. "நல்லா பயமுறுத்துறீங்க! நீங்க கால் பதிச்ச கரையாச்சே, அது எப்படி உடையும்?"

"சொன்னாக் கேளு!"

"இந்த மழையில பச்சைக் குட்டிகளை வெளியே கொண்டுபோனா விறைச்சுச் செத்துடும்! உங்களை நம்பித்தானே இங்க இருக்கோம்!"

இனி மறைக்க இடமில்லை.

"நான் பாக்கவே இல்லை, வெள்ளாயி! மீனைத் தின்னுட்டுப் பாக்காமலே கால் வச்சேன்! உள்ள வெறும் சருகு!"

வெள்ளாயியின் சிரிப்பு அப்படியே நின்றது. ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடியது. மற்ற முயல்களும் ஓடின. மருதனும் குட்டிகளைக் கவ்வி மேட்டுக்கும் வளைக்குமாக அலைந்தது. கடைசிக் குட்டியோடு அது பாறையில் ஏறியபோது, பின்னால் கரை மடாரென்று உடைந்தது. வளை இருந்த இடமெல்லாம் ஒரே செம்மண் வெள்ளக்காடாயிற்று.

மறுநாள் காடே கூடியது. "பேய்மழை! யார் என்ன செய்ய முடியும்?" என்று மயில் கண்ணீர் விட்டது.

"மழை இல்லை! அவர் சருகு வச்சார். நான் பாக்காம நல்ல கரைன்னு சொன்னேன்," என்று மருதன் எல்லோர் முன்னாலும் சொன்னது.

விலங்குகள் மயிலைக் காட்டைவிட்டுத் துரத்தின. மருதனின் பதவியையும் பறித்தன. வெள்ளாயி மருதனுக்கு நன்றியும் சொல்லவில்லை, அதைத் திட்டவும் இல்லை. குட்டிகளை எண்ணிப் பார்த்துக்கொண்டு போய்விட்டது.

பார்க்காமல் நற்சாட்சி சொல்பவனும் ஏமாற்றுகிறவனுக்குக் கூட்டாளிதான். தவறு தெரிந்த உடனே, தனக்கு என்ன கேடு வந்தாலும், அதை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.