பாலத்தில் கால் வைக்காத மாப்பிள்ளை

முன்னொரு காலத்தில், மழை பெய்வதற்கு மட்டும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிராத ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டுத் தலைநகரில் மற்ற எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும். அப்படி ஆனதற்குக் காரணம் ஒரு குடை.

மன்னர் ஒருநாள் பல்லக்கில் பவனி போனார். கடைத்தெரு முனையில் ஓர் எண்ணெய்க் கடைக்காரர் தம் கூரையைத் தெருவுக்குள் சற்றுத் தாராளமாக நீட்டியிருந்தார். மன்னரின் வெண்கொற்றக்குடை அதில் மாட்டிக்கொண்டது. குடை பிடித்தவன் இழுத்தான், கூரை விடவில்லை. மறுபடியும் இழுத்தான். கூரையில் பாதியும் குடையில் பாதியுமாக மன்னர் மடியில் வந்து விழுந்தன. சனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க, பல்லக்கின் பக்கத்தில் நடந்து வந்த அரண்மனை விகடன் உய்யவந்தான் மட்டும், "கடைக்காரர் கூரையைப் பிய்த்துக் கொடுக்கிறார், மகாராஜா. இவ்வளவு பக்தியை நான் பார்த்ததில்லை" என்றான்.

மன்னருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அரண்மனை போய்ச் சேர்வதற்குள் சிரிப்பு போய்க் கோபம் வந்துவிட்டது. உடனே ஓர் ஆணை பிறப்பித்து, அதைக் கல்லில் வெட்டிக் கோட்டை வாசலில் நாட்டினார். 'இந்நகரில் எவரும், அரசனே ஆயினும், நகரமைப்பு மன்றத்தாரின் மேற்பார்வையும் சம்மதமும் இன்றி எதையும் கட்டலாகாது.' இதில் 'அரசனே ஆயினும்' என்ற இடம் மன்னருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. விருந்தினர் வந்தால் கல்லருகே அழைத்துப்போய்த் தாமே உரக்கப் படித்துக் காட்டுவார். "இதில் ஓர் எழுத்தும் பிசகக் கூடாது. எனக்காகவும் பிசகக் கூடாது" என்பார்.

மன்றத்தார் மூன்று பேர். தலைவர் சேந்தனார். அவருக்கு வலப்பக்கம் ஒருவர், இடப்பக்கம் ஒருவர். அவர்கள் இருவரும் இதுவரை தனியாக ஓர் அபிப்பிராயம் சொன்னதில்லை, ஆகையால் அவர்களுடைய பெயர் நமக்குத் தேவைப்படாது. மன்றம் அமாவாசைக்கு அமாவாசை கூடும். வெட்டிவேர்த் தட்டி கட்டிய குளிர்ந்த மண்டபத்தில் மூவரும் சாய்ந்துகொள்வார்கள். மனுக்காரர் நின்றுகொண்டு தம் குறையைச் சொல்வார். "கீழண்டை வீட்டாருக்குச் சம்மதமா? மேலண்டை வீட்டாருக்கு? காற்று வரும் வழி மறைகிறதா? மாடு போகும் வழி?" என்று சேந்தனார் வரிசையாகக் கேட்பார். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தால்தான் ஆபத்து. அப்போது அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, "நல்ல யோசனை. அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்று சொல்லிவிடுவார். கல்யாணப் பந்தல் போட மனுக் கொடுத்த ஒருவருக்கு, அந்தக் கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்குக் காது குத்தும் சமயத்தில் அனுமதி வந்தது. அவரும் அதை வீணாக்காமல் காதுகுத்துக்குப் பந்தல் போட்டுக்கொண்டார்.

சேந்தனாருக்கு உய்யவந்தானைக் கண்டாலே ஆகாது. தாம் பேசினால் மன்னர் தலையாட்டுகிறார், அவன் பேசினால் சிரிக்கிறார் என்பது அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல்.

இப்படி இருக்கையில், ஓர் அமாவாசைக் கூட்டத்துக்குச் சடைச்சி என்ற மருத்துவச்சி வந்தாள். நகரத்தின் நடுவே ஓர் ஓடை உண்டு. கோடையில் ஆடுகூட நனையாமல் தாண்டிப் போகும். ஐப்பசியில் மேற்கு மலையில் மழை பிடித்தால் அது ஓடையாக இருக்காது. பரிசல்காரர்கள் பரிசலைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். சடைச்சி இருப்பது இக்கரை. பிள்ளை பெறும் பெண்கள் இரு கரையிலும் இருந்தார்கள்.

"போன ஐப்பசில அக்கரையில ஒரு பொண்ணு கத்துனது எனக்கு இங்கன கேட்டுதுங்க சாமி. கேட்டுக்கிட்டே நின்னேன். தாயுமில்ல, பிள்ளையுமில்ல" என்றாள் சடைச்சி. "ரெண்டு பக்கமும் பாறை நீட்டிக்கிட்டிருக்கிற இடம் ஒண்ணு இருக்கு. பனஞ்சட்டமும் பலகையும் ஊர்க்காரங்களே கொண்டாந்து போட்டுட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பாலத்தைப் போட்டுருவோம்."

சேந்தனார் மீன் போகும் வழியைப் பற்றிக் கேட்டார். தண்ணீர் பாலத்துக்குக் கீழேதான் ஓடும் என்று சடைச்சி சொன்னாள். நல்ல யோசனை, அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அடுத்த கூட்டத்திலும் அதேதான். ஐப்பசி பிறந்துவிட்டது.

உய்யவந்தானுக்கு இந்தச் சமாசாரத்தில் சிரிப்பு வரவில்லை. அவன் மனைவி தையல்நாயகி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். தாய்வீடு அக்கரையில். இக்கரையிலும் நாலைந்து பெண்கள் நாள் எண்ணிக்கொண்டிருந்ததால் சடைச்சியால் அங்கேயே போய் உட்கார்ந்திருக்கவும் முடியாது. மேற்கே கறுத்துக்கொண்டு வந்த ஒவ்வொரு மேகமும் தன் வீட்டைத்தான் தேடி வருகிறது என்று அவனுக்குத் தோன்றியது.

அவன் சபையில் எழுந்து பாலத்தைப் பற்றிப் பேசினான். சேந்தனார் இதற்காகவே காத்திருந்தவர்போல் எழுந்தார்.

"அரசே, ஓடைக்கு அப்பால் இவருடைய மாமியார் வீடு இருக்கிறது. மாப்பிள்ளை விருந்துண்ணப் போய்வர நகரத்தார் பாலம் கட்ட வேண்டுமாம். இது பொதுக் காரியம்தான் என்றால், அந்தப் பாலத்தில் ஒருநாளும் தம் காலை வைப்பதில்லை என்று இவர் இந்தச் சபையில் வாக்குக் கொடுக்கட்டும். மனுவை உடனே எடுத்துக்கொள்கிறோம்."

சபை சிரித்தது. உய்யவந்தான் கணக்குப் போட்டுப் பார்த்தான். பாலம் வந்தாலும் அவனால் போக முடியாது. ஆனால் சடைச்சி போகலாம். அதற்குமேல் யோசிக்க அவனுக்கு ஒன்றுமில்லை.

"அந்தப் பாலத்தில் என் காலை வைக்க மாட்டேன். இது சத்தியம்" என்றான்.

"மகிழ்ச்சி. மனுவை எடுத்துக்கொண்டோம். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்றார் சேந்தனார்.

வலப்பக்கத்தாரும் இடப்பக்கத்தாரும் தலையை ஆட்டினார்கள். உய்யவந்தான் மன்னரைப் பார்த்துக் கைகுவித்தான். "அரசே, சம்மதம் எப்போது வேண்டுமானாலும் வரட்டும். ஆணையில் அதற்கு முன்னால் ஒரு சொல் இருக்கிறது. மேற்பார்வை. அது நடந்ததா?"

"மண்டபத்தில் அமர்ந்து கவனமாக ஆராய்கிறோம். அதுவே மேற்பார்வை" என்றார் சேந்தனார்.

"தங்கள் ஆசனம் உயரமானதுதான், ஐயா. ஆனாலும் அங்கிருந்து ஓடை தெரியாதே. மேல் என்றால் மேல். பார்வை என்றால் பார்வை. கல்லில் அவ்வளவுதான் வெட்டியிருக்கிறது. மன்றத்தார் மேலே ஏறி நின்று பார்க்கவில்லை என்றால் அரசரின் சொல் பிசகிவிட்டதாக அல்லவா ஆகும்?"

பிசகு என்ற சொல் காதில் விழுந்ததும் மன்னர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவன் சொல்வது சரி. நாளைக் காலையிலேயே போங்கள். இக்கரை, அக்கரை இரண்டையும் மேலிருந்து பார்த்து வாருங்கள். மாலையில் நானும் வந்து பார்க்கிறேன்."

மறுநாள் காலை மூவரும் பரிசலில் ஏறினார்கள். அவர்களோடு மெத்தையும் வெற்றிலைப் பெட்டியும் விசிறிக்காரனும் ஏறியதில் உய்யவந்தானுக்கு இடமில்லாமல் போயிற்று. அக்கரை போய் இறங்கியதும் சேந்தனார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மேலிருந்து பார்க்க இங்கே ஒரு பரண் கட்ட வேண்டும். பரண் கட்டுவதற்கு முதலில் ஒரு மனு வரவேண்டும்" என்று தீர்மானித்தார். அத்தோடு அவர்கள் வேலை முடிந்தது. உய்யவந்தானின் மாமியார் வெயிலம்மை, வந்தவர்கள் யாரானாலும் சாப்பிடாமல் போகக் கூடாது என்று பணியாரமும் மோர்க்குழம்புச் சோறும் போட்டாள். உண்ட களைப்பில் மூவரும் அவள் வீட்டு முற்றத்து மாமரத்தடியில் மெத்தையை விரித்துப் படுத்துவிட்டார்கள்.

அவர்கள் எழுந்தபோது ஓடை செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போயிற்று. பரிசல்காரர் பரிசலைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

இக்கரையில் நின்ற உய்யவந்தானுக்கு இதில் பாதி முன்பே தெரியும். விடியற்காலையில் மேற்கு மலையைப் பார்த்துவிட்டுத்தான் அவன் அவர்களை வழியனுப்பினான். அக்கரையில் ஒருநாள் மாட்டிக்கொண்டு கிடந்தால் புத்தி வரும் என்று நினைத்தான். அவன் நினைக்காத மீதிப் பாதியை வெயிலம்மை கரைக்கு ஓடிவந்து கத்திச் சொன்னாள்.

"மாப்பிளை, தையலுக்கு நோவு கண்டுருச்சு. சொன்ன நாளுக்கு முன்னாடியே வந்துருச்சு. சடைச்சியை அனுப்புங்க."

சடைச்சி மருந்துப் பையோடு பக்கத்தில்தான் நின்றாள். அவள் தண்ணீரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அந்த நேரத்துக்கு மன்னரின் பல்லக்கும் வந்து சேர்ந்தது. விஷயம் கேட்ட மன்னர் பதறிப்போய், "கட்டுங்கள் பாலத்தை" என்றார். ஊர்க்காரர்கள் அசையவில்லை. ஒரு பெரியவர் மெல்ல, "அரசனே ஆயினும்னு கல்லுல இருக்குங்களே, மகாராஜா" என்றார். மன்னர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். தாம் மிகவும் ரசித்துப் படித்த இடம் அது.

அக்கரையிலிருந்து சேந்தனார், "சம்மதம், சம்மதம். பலகையைப் போடுங்கள்" என்று கூவினார். இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போகும் ஆசை அவருக்கு. ஆனால் கல்லில் சொன்ன மேற்பார்வை முடியவில்லையே என்று ஊர்க்காரர்கள் இன்னும் பலகையைத் தொடவில்லை.

உய்யவந்தான் அடிவயிற்றிலிருந்து குரல் எடுத்தான். "அத்தை, அவங்க சம்மதம் மட்டும் சொன்னாச் செல்லாது. மேல ஏறிப் பார்த்துச் சொல்லணும். அரசர் இங்கே நிக்கிறாரு. அவங்களை எங்கேயாவது மேல ஏத்துங்க."

வெயிலம்மைக்கு ஆணையும் தெரியாது, மன்றமும் தெரியாது. மகள் உள்ளே துடிக்கிறாள் என்பது தெரியும். அவள் மூவரையும் பார்த்து, "ஏறுங்கய்யா மரத்துல" என்றாள்.

"அம்மா, நாங்கள் நகரமைப்பு மன்றத்தார்" என்றார் சேந்தனார்.

"இருந்துட்டுப் போங்க. என் வீட்டுச் சோறுதானே தின்னீங்க? ஏறுங்க."

அவள் கையில் உலக்கை எதுவும் இல்லை. இருந்ததுபோல் மூவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். முதலில் இடப்பக்கத்தார் ஏறினார், பிறகு வலப்பக்கத்தார். கடைசியாகச் சேந்தனாரை விசிறிக்காரன் கீழிருந்து தள்ளிவிட்டான். மாமரத்தில் முசுறு எறும்பு நிறைய. மூவரும் ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் உடம்பெங்கும் தட்டிக்கொண்டார்கள்.

"ஓடை தெரிகிறதா?" என்று மன்னர் இக்கரையிலிருந்து கேட்டார்.

"தெரிகிறது, அரசே."

"பாலத்தில் ஆட்சேபம் உண்டா?"

"ஐயோ, ஆட்சேபமே இல்லை" என்று மூன்று கிளைகளிலிருந்தும் குரல் வந்தது. வலப்பக்கத்தாரும் இடப்பக்கத்தாரும் தலைவரை முந்திக்கொண்டு பேசியது அதுவே முதல் தடவை.

சொல் வாயை விட்டதும் கயிறு பறந்தது. கயிற்று நுனியில் கட்டிய கல்லை அக்கரை இளைஞர்கள் பிடித்து இழுக்க, பனஞ்சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாறைக்குப் பாறை ஏறின. பலகை முழுவதும் கட்டி முடிவதற்குள் சடைச்சி பையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள். எதிர்ப்பக்கத்தில் வீடு திரும்ப அவசரமாக வந்த மன்றத்தார் மூவரும் அவளுக்கு வழிவிட்டுப் பாறையோடு ஒட்டி நின்றார்கள். அன்று அவர்கள் ஒழுங்காகச் செய்த முதல் காரியம் அது.

உய்யவந்தான் இக்கரையிலேயே நின்றான். கொடுத்த வாக்கு அவன் காலைக் கட்டியிருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் அக்கரையிலிருந்து குலவைச் சத்தம் கேட்டது. பின்னாலேயே வெயிலம்மையின் குரல் வந்தது. "பொம்பளைப் பிள்ளை, மாப்பிளை. தாயும் பிள்ளையும் நல்லாருக்காக."

அவன் அழுதான். யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல் அழுதான். பக்கத்தில் நின்ற சேந்தனார் கழுத்தைச் சொறிந்துகொண்டே, "நல்ல சேதி. ஆனால் சபையில் சொன்னது நினைவிருக்கட்டும். காலை வைப்பதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறீர்" என்றார்.

"மறக்கவில்லை, ஐயா. காலைத்தான் வைப்பதில்லை என்றேன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினான் உய்யவந்தான். பாலத்தின் முனையில் இரண்டு கையையும் ஊன்றினான். கால் இரண்டும் வானத்துக்குப் போயின. அரண்மனை முற்றத்தில் எத்தனையோ தடவை மன்னருக்காகத் தலைகீழாக நடந்தவன்தான். இன்று தன் மகளுக்காக நடந்தான். கீழே ஓடை சீறிக்கொண்டு போக, பலகை பலகையாகக் கையை மாற்றி மாற்றி வைத்து அக்கரை போய்ச் சேர்ந்தான்.

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே அவன் பின்னால் பாலத்தைக் கடந்தார். மன்னர் போகும்போது சேந்தனார் போகாமல் இருக்க முடியுமா? அவரும் போனார்.

மாமரத்தடியில் குழந்தையைப் பார்த்துவிட்டு, "என்ன பரிசு வேண்டும், கேள்" என்றார் மன்னர்.

"என் காலை எனக்குத் திருப்பித் தரச் சொல்லுங்கள், அரசே. மாமியார் வீட்டுக்கு ஒவ்வொரு தடவையும் இப்படியே வந்தால் விருந்து வாய் வழியாகத் திரும்பி வந்துவிடும்."

மன்னர் சேந்தனாரைப் பார்த்தார். சேந்தனாருக்குப் பழக்கம் முந்திக்கொண்டது. "நல்ல யோசனை. மனுவாகக் கொடுத்தால் அடுத்த கூட்டத்தில்..." என்று தொடங்கினார். வாசற்படியில் வெயிலம்மை வந்து நின்றாள். அவள் மாமரத்தை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்போதே விடுவித்தோம். ஆட்சேபம் இல்லை" என்றார் சேந்தனார்.

மன்னர் மறுபடியும் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. ஒட்டுப்போட்டுத் தைத்திருந்த தம் வெண்கொற்றக்குடையை வரவழைத்து, அதை அவர் உய்யவந்தானுக்கே பரிசாகக் கொடுத்தார். தாயும் பிள்ளையும் இக்கரைக்குத் திரும்பிய நாளில் நல்ல மழை. உய்யவந்தான் அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் அழுத்தி ஊன்றி, பாலத்தின்மேல் நடந்து வந்தான்.