சட்டிக்கு இத்தனை எலுமிச்சை

மலைக்கோயிலுக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு அந்த மடத்தில் காலையிலேயே இட்லியும் மல்லிச் சட்னியும் கட்டிக் கொடுப்பார்கள். வெயிலில் நடந்து, மதியத்துக்கு மேல்தான் அவர்கள் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். சட்டிக்கு இத்தனை எலுமிச்சை என்று மடத்தில் ஒரு கணக்கு உண்டு. சட்னி பல் கூசும் அளவுக்குப் புளிக்கும்.

மடத்தின் தலைவி மங்கையர்க்கரசி அம்மைக்கு நாற்பது வயது. அவரிடம் சீடராக வந்து, சட்னி அரைக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்ட மாசிலாமணிக்கு அறுபதுக்கு மேல். ஞானத்துக்கு வயதுச் சான்றிதழ் யார் கேட்கிறார்கள்?

ஒருநாள், தாயோடு நடந்து வந்திருந்த பூங்கோதை என்ற சிறுமி சட்னியைத் தொட்டு நக்கிவிட்டுச் சிணுங்கினாள்.

“ரொம்பப் புளிக்குது தாத்தா.”

மாசிலாமணிக்கு மனசு கரைந்துவிட்டது. எலுமிச்சையே விடாமல், தேங்காயை அள்ளிப் போட்டு, அவளுக்கென்று தனியாக அரைத்துக் கட்டிக் கொடுத்தார்.

சாயங்காலம் அவளை மடத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஓயாத வாந்தி, வயிற்றுப்போக்கு. கூட நடந்த மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மருத்துவர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார்.

மாசிலாமணி அம்மையின் முன்னால் போய் நின்றார்.

“புதுத் தேங்கா, புதுத் தழை. அப்பத்தான் அரைச்சது. எப்படிம்மா கெட்டுப்போச்சு?”

“பச்சைத் தழையில கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கும். அரைச்சு வெயில்ல வெச்சா மளமளன்னு பெருகும். புளிப்புதான் அதைப் பெருகவிடாம அடக்கி வைக்குது. நீங்க என்ன நினைச்சீங்க?”

“ருசிக்குன்னு நினைச்சேன். இப்ப அவளுக்கு எலுமிச்சைச் சாறு கொடுத்தா அடங்காதா அம்மா?”

“பெருகினதுக்கு அப்புறம் பிழிஞ்சு பிரயோஜனம் இல்ல ஐயா.”

அம்மை உள்ளே போய், உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் கரண்டியுமாக வந்தார். டாக்டர் கொடுக்கச் சொன்னதுதான். அதை அவரிடம் நீட்டினார்.

“என் கையாலயா?”

“உங்க கையாலதான்.”

கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினார். அவள் விழுங்கும் ஒவ்வொரு வாய்க்கும் இவர் தொண்டையும் ஏறி இறங்கியது.

மறுநாள் பூங்கோதை எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள். அத்தனை பேர் நடுவிலும் மாசிலாமணி வாய்விட்டு அழுதார். வெட்கமே படவில்லை.

பிறகு சமையற்கட்டுக்கு வந்தார்.

“இனிமே யார் மேலயும் பிரியம் வைக்க மாட்டேன் அம்மா. கணக்கு என்னவோ அதன்படி அரைச்சுக் கொடுத்துட்டுப் போறேன்.”

அம்மை சிரிக்கவில்லை. எலுமிச்சைக் கூடையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“அந்தக் கணக்கைப் போட்டவங்களும் பிரியம் வெச்சவங்கதான் ஐயா. சாப்பிடப் போறவங்க முகத்தைப் பார்க்காமலே வெச்சாங்க.”